அகப்பை யார் கையில்?

போன முறை ஊருக்குப் போனபோது, கூடப் படித்த நண்பன் ஒருவனோடு சாத்தூர் – சிவகாசி ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்கால நேரம். எதிரே வெடி ஆபீஸ் வேன் ஒன்று நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்போதுதான் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் சரிடா, அந்த லிடியா அத்தையைத்தான் நம்ப முடியலை. ஆம்பளைங்க கொடுமை பண்றாங்க, புரியுது. ஒரு பொம்பளை, அதுவும் வயசான பொம்பளை, சின்னப் பிள்ளைகளைப் போட்டு இப்படி வதைக்குமா? கதைக்காக எழுதியிருக்காங்க" என்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் வளர்ந்ததே அப்படி ஒருத்தி வீட்டில்தான். அதை அப்போது அவனிடம் சொல்லவில்லை. பெங்களூர் திரும்பிய பிறகு புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நான் இலக்கியம் படித்தவன் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். அந்தக் கோணல் இதில் இருக்கத்தான் செய்யும்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய நாவல் அது. அமெரிக்காவில் ஒரு மதவாதக் கூட்டம் ஆட்சியைப் பிடித்து 'கிலியட்' என்று (நம்ம பைபிளில் கீலேயாத்) ஒரு நாட்டை உண்டாக்குகிறது. பெண்கள் சம்பாதிக்கக் கூடாது, சொத்து வைக்கக் கூடாது, படிக்கக் கூடாது. பிள்ளை பெறத் தகுதியுள்ள பெண்களைப் பெரிய அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுக்க அனுப்புவார்கள். அவர்களை அடித்துப் பழக்கி, மனதை மாற்றி அனுப்பும் வேலை சில பெண்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்களின் பதவிப் பெயர்தான் 'ஆன்ட்'. அத்தை. உறவுப் பெயரையே பதவியாக்கியிருப்பதைக் கவனியுங்கள். நம்ம பக்கம் ஆலைகளிலும் மேற்பார்வை பார்க்கும் பெண்ணை யாரும் சூப்பர்வைசர் என்று கூப்பிடுவதில்லை, அக்காதான்.

இந்த அத்தைகளுக்கு மட்டும் எழுதப் படிக்க அனுமதி உண்டு. இடுப்பு பெல்ட்டில் மாடு விரட்டும் மின்சாரக் கோல் தொங்கும். ஆனால் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி காவலர்களான ஆண்களிடம் மட்டும். நாவலில் இது ஓரிரு வரியில் வந்துபோகும் விஷயம். முதல் வாசிப்பில் நானும் தாண்டிப் போய்விட்டேன். இப்போது பார்த்தால் மொத்த அமைப்பின் வரைபடமும் அதில்தான் இருக்கிறது. கோல் கீழே இருப்பவளை அடிக்கப் போதும். மேலே இருப்பவனை மிரட்ட அது உதவாது.

எங்க தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு சர்வரில் உங்களை அட்மின் ஆக்கியிருப்பார்கள். மற்றவர்களின் கணக்கை முடக்கலாம், கோப்புகளை அழிக்கலாம். பார்ப்பவர்களுக்கு நீங்கள்தான் ராஜா. ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்று எழுதியிருக்கும் அந்த ஒரு கோப்பை மட்டும் உங்களால் தொட முடியாது. ரூட் கணக்கு வேறு ஒருவனிடம் இருக்கிறது. அவன் நினைத்தால் நாளைக்கு உங்களையும் சாதாரணப் பயனராக்கிவிடுவான். இதையே நம்ம பாட்டிமார்கள் ரொம்ப நாளைக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அகப்பை அவள் கையில் இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. சட்டி யாருடையது, அதில் எவ்வளவு போட்டார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

நாவலின் கடைசியில், பிற்காலத்துப் பேராசிரியர் ஒருவர் கிலியட்டைப் பற்றிக் கருத்தரங்கில் பேசுவதுபோல ஒரு பகுதி வரும். பெண்களை அடக்கப் பெண்களையே வைப்பதுதான் செலவு குறைந்த வழி, பேரரசுகள் எல்லாம் அந்தந்த மக்களில் ஒருவனை வைத்தே மக்களை அடக்கின என்கிறார். தமிழனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி யார்? வெள்ளைக்காரனா? அதே ஊர்க்காரன், பல நேரம் சொந்தக்காரன். வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் இத்தனை சல்லி என்று அவனுக்குத் தனியாகக் காசு உண்டு. ஊரில் அவன் மாமன், தோட்டத்தில் அவன் துரையின் பிரம்பு.

ஆனால் கங்காணி ஆண். பெண்ணுக்கு இந்த அதிகாரம் எப்படி வருகிறது, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள கிலியட் வரை போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது. பாமாவின் 'சங்கதி', 1994-இல் வந்தது. பாமா வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர். 'கருக்கு' எழுதியவர் என்றால் பலருக்குத் தெரியும். 'சங்கதி'யில் தொடர்ச்சியான கதை என்று ஒன்று கிடையாது. ஒரு தலித் கிறிஸ்தவக் குடியிருப்பின் பெண்கள் ஒவ்வொருவராக வந்து போவார்கள். அந்தச் சமூகத்துக்கு இரண்டு சுவர். வெளிச்சுவர் சாதி, உள்சுவர் ஆண்கள். (எங்க தெருவுக்கு வெளிச்சுவர் கிடையாது. அதை மறந்துவிட்டு நான் பேசக் கூடாது.)

அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் வெள்ளையம்மா பாட்டி. பிரசவம் பார்ப்பவர். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை என்றே வைத்துக்கொள்ளலாம். அவருக்கு மரியாதை உண்டு, வாய் உண்டு, எல்லார் வீட்டுக் கதையும் தெரியும். அதே பாட்டிதான் தின்ன எது கொண்டுவந்தாலும் நல்ல பங்கைப் பேரன்களுக்கு எடுத்து வைக்கிறார். பேத்திகளுக்கு மிச்சம் மீதி. இதை யாரும் அவருக்கு உத்தரவாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் விஷயம்.

இதே பாட்டிதான் பேத்தியிடம் மாரியம்மாவின் கதையையும் சொல்கிறார். விறகு பொறுக்கப் போன மாரியம்மா தண்ணீர் குடிக்க பம்ப்செட் பக்கம் போகிறாள். நிலத்துக்காரன் குமாரசாமி அவளை இழுக்கப் பார்க்க, தப்பித்து ஓடி வருகிறாள். அவன் முந்திக்கொண்டு, இவள் தன் தெருப் பையன் மாணிக்கத்தோடு தப்பாக இருந்தாள் என்று நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறான். ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது; ஓரமாக நின்று வாய் திறந்தவர்களையும் விரட்டுகிறார்கள். குற்றமே செய்யாத மாரியம்மாவுக்கு, அதே குற்றம் சாட்டப்பட்ட ஆணைவிடக் கூடுதல் அபராதம். உண்மை என்ன என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். பாட்டிக்கும் தெரியும். பிரசவ அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஊர்க்கூட்டத்தில் அவருக்கு நாக்கு இல்லை.

துப்பாக்கி இல்லாத அத்தையும் கூட்டத்தில் பேச முடியாத பாட்டியும் ஒரே வரைபடத்தில் வருகிறார்கள். அதனால் நான் ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொண்டேன். கதையில் ஒரு பெண்ணுக்கு அதிகாரம் இருப்பதாகத் தோன்றினால், அவள் யாரை அடிக்கிறாள் என்று பார்க்காதீர்கள். தனக்கு மேலே இருப்பவனிடம் 'முடியாது' என்று சொன்னால், மறுநாளும் அந்த இடத்தில் இருப்பாளா என்று பாருங்கள்.

இந்தச் சோதனையை 'சங்கதி' முழுக்கப் போட்டுப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். தேறுகிறவள் பாட்டி இல்லை, ராக்கம்மா. எந்த மரியாதையும் இல்லாதவள். புருஷன் அடிக்கும்போது தெருவில் நின்று காது கூசும் வசவுகளை எடுத்து விடுகிறாள். கடைசியில் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். அவன் நகர்ந்து போய்விடுகிறான். கதை சொல்லும் பெண்ணுக்கு முதலில் அருவருப்பாக இருக்கிறது. பிறகுதான் புரிகிறது, அப்படிச் செய்யாவிட்டால் அவன் அன்றைக்கு விட்டிருக்க மாட்டான் என்று. மேல்நோக்கிப் பாயும் பலம் அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த பலத்துக்குத் தெருவில் கௌரவம் கிடையாது, பாட்டிக்கு இருக்கிறது. யாருக்குக் கௌரவம் கொடுக்கிறது என்பதிலிருந்தே ஒரு சமூகம் எதைக் கண்டு பயப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, இத்தனை தெரிந்தும் ஏன் அந்த அகப்பையைப் பிடிக்கிறார்கள்? 1988-இல் டெனிஸ் கந்தியோத்தி என்ற துருக்கிய சமூகவியலாளர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆணாதிக்கத்தோடு பேரம் பேசுவது என்பது அதன் தலைப்பு. ரொம்ப எளிமையாகச் சொன்னால், கூட்டுக்குடும்பத்தில் மருமகளாக வருகிறவள் அடிமட்டத்தில் சேர்கிறாள். இருபது, இருபத்தைந்து வருஷம் உழைத்து, பேச்சு வாங்கி, ஆண்பிள்ளை பெற்று, ஒருநாள் மாமியார் ஆகிறாள். அவள் பட்ட பாட்டுக்குக் கிடைக்கும் ஒரே பலன் அடுத்து வருகிற மருமகள்தான். ஏலச்சீட்டு மாதிரி. பாதிச் சீட்டு கட்டிய பிறகு, சீட்டே மோசடி என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்கு வருவது சீட்டு நடத்துகிறவன் இல்லை, கட்டியவள்தான். நிலைமை மாறி அந்தப் பலன் கிடைக்காமல் போகும்போது வயதான பெண்களே மாற்றத்தைக் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான் என்கிறார் கந்தியோத்தி. எனக்கு இந்த விளக்கம் முக்கால்வாசி சரியாகப் பட்டது. மீதிக் காலுக்கு என் ஆச்சியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

எங்க ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு கிராமம். மானாவாரி நிலம், மழை பெய்தால் கம்பு, இல்லையென்றால் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு அறுபது வருஷம் கழித்து, என் சின்ன வயதில், எங்க பக்கத்து ஊர்களில் விடியற்காலை முதல் சத்தம் சேவல் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஹாரன். அந்த ஹாரனுக்கு அரை மணி நேரம் முன்னால் எங்க ஆச்சி ஒரு அரிக்கேன் விளக்கோடு தெருவில் இறங்கும். வீடு வீடாகக் கதவைத் தட்டி, பெண்பிள்ளைகளை எழுப்பி, எழுந்திரிக்காததை முதுகில் ஒன்று போட்டு, தூக்கக் கலக்கத்தோடு வரிசையாகக் கூட்டிவந்து பஸ்ஸில் ஏற்றும். பத்து வயசு, பதினோரு வயசுப் பிள்ளைகள். கட்டை அடுக்க, லேபிள் ஒட்ட. 'சங்கதி'யிலும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பதினோரு வயசு மைக்கண்ணி வருவாள். அவளைப் படித்தபோது அந்த வரிசைதான் எனக்குக் கண்ணில் வந்தது.

ஏஜண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பான். எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்தப் பிள்ளை நின்றுவிடாமல் வரும் என்று அவனுக்குச் சொல்வது ஆச்சி. ஆள் கணக்குப்படி ஆச்சிக்கு ஏதோ காசு உண்டு. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஆச்சியின் சுருக்குப்பை கனத்திருக்கும். தெருவில் ஆண்கள்கூட ஆச்சியிடம் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தொடர்வாள், எவள் நிற்பாள் என்பதில் ஆச்சியின் வார்த்தைக்கு எடை இருந்தது.

1976-இல் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பஸ் விபத்துக்குள்ளாகிப் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவைப் போட்டது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதிய கட்டுரை டெல்லி வரை பேசப்பட்டது. ராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக்குஞ்சுகள்' எழுதினார். 1986-இல் சட்டம் வந்தது: தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்குக் கீழ் யாரையும் வைக்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்தில், குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் பட்டறைக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். பெட்டி ஒட்டும் வேலை ஏற்கெனவே வீடுகளில்தான் நடந்துகொண்டிருந்தது. அங்கே மேஸ்திரி யார்? அம்மாதான். பசைச் சட்டியைப் பிள்ளை முன்னால் வைத்து, இத்தனை குரோஸ் முடித்தால்தான் சோறு என்று சொல்ல வேண்டியது அவள். ஆலைச் சுவருக்குள் தடை செய்ததை அடுப்படியில் விட்டுவைத்தது சட்டம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. முதலாளியின் பொறுப்பு ரூபாய்க் கணக்கில் எழுதப்பட்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவளைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒன்றும் இல்லை.

சட்டம் வந்த அதே 1986-இல்தான் எங்க அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று பஸ் ஏறினாள். ஏற்றியது ஆச்சி. "பய படிக்கட்டும்" என்று சொன்னதும் ஆச்சி. பய என்றால் நான். 1996-இல் பி.இ. சேர்ந்தபோது கட்டிய முதல் பீஸில் அக்கா கட்டை அடுக்கிய காசு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. போட முடியாது என்றில்லை, போடவில்லை. 'சங்கதி'யில் பாட்டி எடுத்து வைக்கும் அந்த நல்ல பங்கைத் தின்ற பேரன் நான்தான். எங்க வீட்டில் அது சனிக்கிழமை தவறாமல் வரும்.

அதனால் ஆச்சியைக் கொடுமைக்காரி என்று எழுதுவது எனக்கு வசதி. எழுதிவிட்டால் என் பங்கு மறைந்துவிடும். பாவம், அதுவும் பலியாடுதானே என்று எழுதுவதும் வசதிதான். இரண்டும் வேண்டாம் என்று இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த அன்றைக்கு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆச்சியைப் பத்தியா? எழுது. அடிக்கும்னு எழுது, பொய்யில்லை. ஆனா இதையும் எழுது தம்பி. பஸ்ஸுல முன்னாடி ரெண்டு சீட்டு கணக்குப்பிள்ளைக்கு. அவன் பக்கத்துல எங்கள்ல ஒருத்தியையும் உக்கார விடாது. கூட்டம் முட்டுனாலும் அதுதான் போய் நடுவுல உக்காரும். ஒரு தடவை அவன் ஒருத்திய கையப் பிடிச்சு இழுத்துட்டான். மறுநாள் ஆச்சி யாரையுமே எழுப்பலை. பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சு அடிச்சு வெறுசாப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஏஜண்டு வந்து பேசுனான். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான். எந்த வீட்டுல இருக்கு காசு? ரெண்டு நாள்ல திரும்பப் போனோம். கணக்குப்பிள்ளைய மட்டும் வேற பஸ்ஸுக்கு மாத்திட்டாங்க."

மேலே நான் வைத்த சோதனை இந்த இடத்தில் கொஞ்சம் ஆடுகிறது. ஒரே ஒரு நாள் ஆச்சி 'முடியாது' என்று சொல்லியிருக்கிறது. மறுநாளும் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. வாங்கியது ரொம்பச் சின்ன விஷயம், ஒரு ஆளை வேறு பஸ்ஸுக்கு மாற்றியது. பஸ் நிற்கவில்லை.

அட்வுட் 2019-இல் 'தி டெஸ்டமென்ட்ஸ்' என்று இதன் தொடர்ச்சியை எழுதினார். அந்த வருஷ புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட நாவல். அதில் லிடியா அத்தையே பேசுகிறாள். பழைய காலத்தில் அவள் ஒரு நீதிபதி. பிடித்துக்கொண்டு போய் ஸ்டேடியத்தில் அடைத்து, இருட்டறையில் போட்டு, கடைசியில் சேருகிறாயா என்று கேட்கிறார்கள். சேர்கிறாள். சேரும்போது ஒரு பேரம் பேசுகிறாள்: பெண்கள் பகுதியில் ஆண்கள் யாரும் தலையிடக் கூடாது. கிடைத்துவிடுகிறது. பிறகு வருஷக்கணக்காக ஒவ்வொரு அதிகாரியின் குற்றத்தையும் ரகசியமாகச் சேர்த்து வைத்து, கடைசியில் அதை வெளியே அனுப்பி கிலியட்டைக் கவிழ்க்கிறாள். நல்ல த்ரில்லர். ஆனால் லிடியாவை இவ்வளவு சுலபமாகக் காப்பாற்றியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சீரியலில் அவள் உத்தரவால் கண் போன பெண்ணுக்கு இந்தக் கோப்புகளால் என்ன?

ஆனாலும் ஒரு விஷயத்தில் அட்வுட் சரியாகப் பிடித்திருக்கிறார். இப்படி நடுவில் நிற்பவளுக்குத்தான் எல்லாம் தெரியும். மாரியம்மாவின் கதை நமக்கு எப்படிக் கிடைத்தது? நல்ல பங்கைப் பேரனுக்கு எடுத்து வைத்த அதே பாட்டி பேத்தியிடம் சொன்னதால். ஊர்க்கூட்டத்தில் பேச முடியாதது திண்ணையில் வந்தது, திண்ணையில் கேட்டவள் எழுதினாள்.

எங்க ஆச்சி அப்படி யாரிடமும் உட்கார்ந்து சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் இறந்துபோனது. எந்த வீட்டுக்கு எவ்வளவு முன்பணம், எந்தப் பிள்ளை எத்தனை வருஷம் போனது, அதில் யாருக்கு விரல் வெந்தது, எல்லாம் அதன் தலையில் இருந்தது. எழுதத் தெரியாது. சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

போனை வைக்கும் முன் அக்காவிடம் கேட்டேன், ஆச்சி மேல் உனக்குக் கோபம் உண்டா என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது எழுப்ப வரும்போது உன்னைத் தாண்டித்தான் எங்கிட்ட வரும். நீ முழிச்சிட்டுத்தான் கிடப்ப. எனக்குத் தெரியும்" என்றாள்.